கொடைக்கானல் பைன் காட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கொடைக்கானல் போகிற எல்லோரும் பைன் காட்டுக்கும் போகிறார்கள். வேன்காரர் கொடுக்கும் இருபது நிமிடத்தில் நாலு போட்டோ, ஒரு மக்காச்சோளம், கடைசியில் ஒரு தொப்பி பேரம், அவ்வளவுதான், ஹாரன் அடித்ததும் வண்டியில் ஏறிவிடுகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் போகிற நேரத்தைக் கொஞ்சம் மாற்றி, கூட்டம் நிற்கும் இடத்தைத் தாண்டி உள்ளே போய், அங்கே நிற்பது என்ன மரம், அதை யார் எதற்கு வைத்தார்கள் என்று தெரிந்து பார்த்தால் அரை நாள் போவதே தெரியாது. முதல்முறை போகிறவர்களை மனத்தில் வைத்து, கிளம்புவதிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்னால்

முதல் வேலை இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டியில் போகிறவர்களுக்கு இது கட்டாயம். சொந்தக் காரோ வாடகை வண்டியோ பைக்கோ, எதுவானாலும் வேண்டும். epass.tnega.org என்று ஆங்கிலத்தில் அடித்தால் வரும் அரசு இணையதளத்தில் செல்போன் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும், வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதியில் ஏறி எந்தத் தேதியில் இறங்குகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்பதை நிரப்பினால் கியூஆர் கோடோடு பாஸ் வந்துவிடும். பணம் கிடையாது, அதனால் யாராவது "பாஸ் எடுத்துத் தருகிறேன், இருநூறு ரூபாய்" என்றால் கொடுக்காதீர்கள். ஏப்ரல், மே கோடைக் கூட்டத்துக்கு மட்டும் கவனம் தேவை. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள், அந்த மாதிரி நாட்களில் கடைசி நேரத்தில் பாஸ் தேடினால் கிடைக்காமல் போகலாம். பாஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மலையில் சிக்னல் வரும் போகும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

இரண்டாவது, தண்ணீர் பாட்டில். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் குளிர்பான பாட்டிலும் கொடைக்கானலில் தடை. சோதனையில் பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி போடுகிறார்கள். எவர்சில்வர் பாட்டில் ஒன்றை வீட்டிலிருந்தே நிரப்பி எடுத்துப் போனால் வேலை முடிந்தது.

மற்றபடி மூட்டை முடிச்சு அதிகம் வேண்டாம். பிடிமானம் உள்ள ஷூ, ஒரு ஸ்வெட்டர், மழைக்கு ஏதாவது ஒன்று. செருப்போடு பைன் காட்டுக்குள் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும், காரணத்தைக் கீழே சொல்கிறேன். ரோடு முழுக்க வளைவு என்பதால் வாந்தி வருகிறவர்கள் வத்தலக்குண்டில் புரோட்டா சால்னாவைக் கட்டு கட்டென்று கட்டிவிட்டு ஏறாதீர்கள். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும்.

எந்த மாதம், எந்த நேரம்

ஏப்ரல், மே மாதங்களைத்தான் ஊரே தேர்ந்தெடுக்கும், நான் கடைசியாக வைப்பேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றும் பனிமூட்டமுமாக இருக்கும், திடீர் திடீரென்று தூறும், ஆனால் பைன் மரங்களுக்கு நடுவே மூட்டம் நுழைந்து வெளியேறுவதைப் பார்க்க இதுதான் காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும், மலைப்பாதையில் மண் சரிவதும் மரம் விழுவதும் அப்போதுதான், செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்பவும். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும், விடிகாலையில் உறைபனி பிடிக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து காட்டுத்தீக் காலம், சில பகுதிகளை வனத்துறை மூடி வைக்கும்.

நேரம் என்றால் காலைதான். கேட் திறந்ததும் உள்ளே போகிற முதல் ஆட்களாக இருங்கள். பதினொரு மணிக்குமேல் வேன்கள் வரிசை கட்டும், அப்புறம் நீங்கள் எடுக்கிற ஒவ்வொரு போட்டோவிலும் யாரோ ஒருவருடைய சித்தப்பா நிற்பார். சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் கூட்டம் குறையும், ஆனால் வெளிச்சமும் சேர்ந்து குறையும். அடர்த்தியாக நிற்கிற மரங்களுக்குக் கீழே சீக்கிரமே இருட்டிவிடும்.

போய்ச் சேர்வது

ரயிலில் வந்தால் கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கி ஏறக்குறைய 80 கிலோமீட்டர். பேருந்து என்றால் மதுரை, திண்டுக்கல், வத்தலக்குண்டு, பழனியிலிருந்து வண்டி உண்டு. வத்தலக்குண்டு பாதையும் பழனி பாதையும் பெருமாள்மலையில் சேரும், அங்கிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டி ஊருக்குள். வழியில் இ-பாஸ் பார்ப்பார்கள்.

ஊருக்குள் வந்தபின் பைன் காடு இருப்பது மோயர் பாயிண்ட் போகிற ரோட்டில், குணா குகைக்கும் மோயர் பாயிண்டுக்கும் இடையில். ஏரியிலிருந்து போனால் கோல்ஃப் மைதானம், பசுமைப் பள்ளத்தாக்கு, தூண் பாறை, குணா குகை, பைன் காடு, மோயர் பாயிண்ட் என்று எல்லாமே ஒரே வளையத்தில் வருகின்றன. சீசனில் போலீஸ் இந்த வளையத்தை ஒருவழியாக்கி விடுவதும் உண்டு, அன்றைக்கு எந்தப் பக்கமாகச் சுற்ற விடுகிறார்கள் என்று தங்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு வளைவைத் தவறவிட்டதற்காக முழுச்சுற்று சுற்ற வேண்டி வரும்.

வேன் பேசுகிறவர்கள் ஏறும்போதே பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. "பன்னிரண்டு இடம்" என்று பட்டியல் நீட்டுவார்கள், அதில் பாதி, வண்டி ஜன்னலிலிருந்து கை காட்டுகிற இடம். "அண்ணே, ஆறு இடம் போதும், பைன் காட்டில் ஒண்ணரை மணி நேரம் நிற்கணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் டீ குடிக்க நேரம் கிடைக்கிறதே. பைக் வாடகைக்கு எடுக்கிற இளசுகளுக்கு: காலையில் ரோடு ஈரமாக இருக்கும், வளைவில் காட்டுமாடு நிற்கும். கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள்ளேயே சாவகாசமாக நடக்கும். சாதுவாகத் தெரியும், ஒரு டன் எடை வரை இருக்கும், ஹாரன் அடிக்காமல், லைட்டை மாற்றி மாற்றிப் போடாமல், அது நகரும்வரை நில்லுங்கள். அதோடு செல்ஃபி எடுக்கப் போய் முட்டு வாங்கியவர்கள் உண்டு.

உள்ளே

கேட்டில் வனத்துறைக்குச் சிறு கட்டணம். போனில் பணம் அனுப்புவதை நம்பாமல் சில்லறை வைத்திருங்கள். நுழைந்தவுடன் தரை திறந்தும் மரங்கள் இடைவெளி விட்டும் இருக்கும் இடத்தில்தான் எல்லாரும் நிற்பார்கள். அங்கே நிற்காமல் சரிவு ஓரமாக ஐந்து நிமிடம் நடந்தாலே சத்தம் கழன்றுவிடும். வேலி, எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்தைத் தாண்ட வேண்டாம்.

இப்போது தரையைப் பாருங்கள். மேலே பழுப்பாக, வைக்கோல் பரப்பின மாதிரி கிடப்பதெல்லாம் உதிர்ந்த ஊசியிலை. காய்ந்திருந்தால் வழவழவென்று வழுக்கும், நனைந்திருந்தால் அதைவிட மோசம், அதற்குக் கீழே வேர்கள் வேறு முடிச்சு முடிச்சாகப் புடைத்து நிற்கும், இலை மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. செருப்பு வேண்டாம் என்றது இதற்குத்தான். சரிவில் இறங்கும்போது நேராக இறங்காமல் குறுக்காக, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து இறங்குங்கள். குழந்தைகள் ஓடத்தான் செய்வார்கள், ஓடட்டும், சரிவின் மேல்பக்கமாக ஓடச் சொல்லுங்கள். காற்று பலமாக அடிக்கிற நாளில் தலைக்கு மேலே பட்ட கிளை தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு உட்காரவும்.

ஒரு கொத்து இலையைத் தரையிலிருந்து எடுத்து அடியைப் பிரித்துப் பாருங்கள். சிறு பழுப்பு உறை ஒன்றிலிருந்து பெரும்பாலும் மூன்று ஊசி கிளம்பும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண் நீளம் இருக்கும். மரத்தில் இருக்கும்போது அவை குத்திக்கொண்டு நிற்காமல் தளர்ந்து கீழ்நோக்கித் தொங்கும், இந்த வகையை அடையாளம் காண அதுவே போதும். இது பைனஸ் பாட்டுலா, மெக்சிகோவின் மலைப்பகுதி மரம். தண்டின் மேல்பாதியில் பட்டை செம்மஞ்சளாக, காகிதம் உரிகிற மாதிரி உரிந்து நிற்கும், அடிப்பாகம் கருத்துத் தடித்திருக்கும். கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகக் கூம்புக் காய்கள் இருப்பதைப் பாருங்கள், பல வருடம் மூடியபடியே மரத்தில் இருக்கும். சூடு பட்டால், முக்கியமாகத் தீ பட்டால், திறந்து இறக்கை வைத்த சிறு விதைகளைக் கொட்டும். தீப்பிடித்த புல்வெளியில் மறுமழைக்குப் பிறகு பைன் நாற்று பரவலாக முளைக்கிறதென்றால் அதற்கு இதுதான் காரணம்.

பட்டையில் கண்ணாடி மணி மாதிரி மின்னுவது பிசின். தொட்டுப் பார்க்கலாம், வாசனை அருமையாக இருக்கும், ஆனால் துணியில் பட்டால் தண்ணீரும் சோப்பும் எடுக்காது. தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டுத் துவைத்தால் போய்விடும், கையில் பட்டால் சானிடைசர் போதும். மரத்தில் பெயர் கீறுகிற பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். கீறின இடத்தில் பிசின் வழிந்து பூச்சியும் பூஞ்சையும் நுழைய வழியாகும், எனவே வேண்டாம்.

போட்டோவுக்கு இரண்டு யோசனை. வெளிச்சம் மேலே அதிகமும் கீழே குறைவுமாக இருப்பதால் போன் குழம்பும். தண்டின் மேல் விரலை வைத்துத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு எடுங்கள், மூட்டம் வெள்ளையாக வெடிக்காமல் வரும். அப்புறம் வரிசைக்கு நேராகப் போய் நின்று பாருங்கள். ஒரு கோணத்தில் மரங்கள் தாறுமாறாகத் தெரியும், இரண்டடி நகர்ந்தால் திடீரென்று எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் வந்து நிற்கும். நட்ட கை தெரிகிற இடம் அது. கல்யாண போட்டோ, ஷூட்டிங் என்று லைட், ஆட்களோடு வருகிறவர்கள் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், டிரோன் பறக்கவிட நினைக்காதீர்கள்.

இது எப்படி இங்கே வந்தது

1906-ல் பிரையண்ட் என்ற அதிகாரி இங்கே பைன் நடத் தொடங்கியதாகக் கொடைக்கானலில் சொல்வார்கள்; ஊரில் பிரையண்ட் பூங்கா இருப்பதும் அவர் பெயரில்தான். ஆனால் பழனி மலையில் இன்று பார்க்கிற பரந்த தோட்டங்களில் பெரும்பகுதி, சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. அந்தக் காலத்துக் கணக்கு எளிமையானது. மலை உச்சியில் கண்ணுக்கெட்டிய தூரம் புல், பள்ளங்களில் மட்டும் குட்டையான சோலை, அதாவது இந்த மலைக்கே உரிய பசுமை மாறாத காடு. சோலை மரம் மெதுவாக வளரும், முறுக்கிக்கொண்டு வளரும், பலகைக்கு ஆகாது. புல்லோ கணக்கேட்டில் சும்மா கிடக்கிற நிலம். தோல் பதனிடப் பட்டை தரும், ஆங்கிலத்தில் வாட்டில் என்கிற சீகை மரத்தையும், சிறுமுகையில் இருந்த ரேயான் ஆலை போன்றவற்றுக்குக் கூழ் தரும் யூகலிப்டஸையும், கூடவே இந்தப் பைனையும் அந்தப் புல்வெளியில் நட்டார்கள். மெக்சிகோ மலையின் உயரமும் குளிரும் கொடைக்கானலோடு ஒத்துப்போக, பைன் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டது.

இதில் எனக்குள்ள அபிப்பிராயத்தை ஒளிக்க வேண்டியதில்லை. பைன் காடு அழகுதான், குழந்தைகள் ஓடியாட இதைவிட நல்ல இடம் கொடைக்கானலில் குறைவு. ஆனால் "இயற்கையைப் பார்த்தோம்" என்று நினைத்துக்கொண்டு இதோடு திரும்பிவிடுவது நஷ்டம். பைனுக்கு அடியில் என்ன முளைத்திருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். ஊசியிலை மெத்தையும் நிழலும் சேர்ந்து புல்லை வளரவிடுவதில்லை. பறவைச் சத்தமும் குறைவு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கு வேண்டியது அந்தத் திறந்த புல்வெளி. கடைசியாக 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. அன்றைக்குப் பைன் தோப்புக்குள் நின்று குறிஞ்சியைத் தேடினால் கிடைக்காது.

அப்படியானால் வெட்டித் தள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். அவ்வளவு சுலபமில்லை. வட்டக்கானலில் பல வருடம் சோலை நாற்று வளர்த்த பாப் ஸ்டூவர்ட்டும் டான்யா பால்கரும் கவனித்துச் சொன்ன விஷயம், வெளிநாட்டு மரங்களின் நிழலில் சில இடங்களில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே எழும்புகின்றன என்பது. ஒரேயடியாக வெட்டினால் அந்தக் கன்றும் போகும், வெயில் பட்ட மண்ணில் சீகை இன்னும் அடர்த்தியாக முளைக்கும். 2022-ல் தமிழக அரசு அந்நிய ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. சீகை எடுத்த இடத்தில் புல்லைத் திரும்பக் கொண்டுவருவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

அப்புறம் மோயர் பாயிண்ட்

பைன் காட்டை முடித்ததும் திரும்பாமல் அதே ரோட்டில் மோயர் பாயிண்ட் போங்கள். பேரிஜம் ஏரிக்குப் போகிற வனத்துறைச் சோதனைச் சாவடி அங்கேதான். ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளைத்தான் விடுவார்கள், அனுமதியை முன்னதாகவே வாங்கி வைத்திருக்க வேண்டும், காலையில் போய் மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும், யானை நடமாட்டம் இருந்தால் அந்த நாட்களில் மூடிவிடுவார்கள். கிடைத்தால் விடாதீர்கள். அந்த வழியில் மதிகெட்டான் சோலை இருக்கிறது. பாசி படர்ந்த தண்டு, கிளையெல்லாம் ஆர்க்கிட், தரையில் பெரணி, ஒரு மரம் மாதிரி இன்னொரு மரம் இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் பைன் வரிசையைப் பார்த்த கண்ணோடு இதைப் பார்த்தால் யாரும் விளக்கிச் சொல்லவே வேண்டாம். மழைக்காலத்தில் அட்டை ஏறும், உப்பும் முழங்கால் வரை வருகிற காலுறையும் வேண்டும். அனுமதி கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம், ஊரை ஒட்டியுள்ள கரடிச் சோலைப் பக்கமோ வட்டக்கானல் ரோட்டிலோ சோலையின் ஓரத்தையாவது பார்க்கலாம்.

இங்கே இன்னொரு தகவல். தென்னிந்திய மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாகவே வளர்கிற ஊசியிலை வகை மரம் ஒன்றே ஒன்றுதான், நாகேயா வாலிச்சியானா. அதன் இலை ஊசியாகவே இருக்காது, அகலமாக இருக்கும். பைனோ இமயமலையிலும் வடகிழக்கிலும்தான் இந்தியாவுக்குச் சொந்தம்.

கூட்டமே வேண்டாம் என்கிறவர்கள் பூம்பாறை, மன்னவனூர் ரோட்டில் போகலாம், வழியெல்லாம் உயரமான பைனும் சீகையும் நிற்கும். பூம்பாறையில் மலைப்பூண்டு வாங்குங்கள், புவிசார் குறியீடு பெற்றது, மணம் தூக்கும். ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி மரநிழலில் சாப்பிடலாம், ஆனால் காட்டுக்குள் இறங்கி நடப்பது வேறு விஷயம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இறந்தபிறகு அனுமதியில்லாத மலையேற்றத்துக்கு விதிகள் கடுமையாகிவிட்டன. நடக்க ஆசை இருந்தால் "ட்ரெக் தமிழ்நாடு" இணையதளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போங்கள்.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிசின் உள்ள மரம், கீழே காய்ந்த இலைக் குவியல். ஒரு பீடித் துண்டு போதும். சிகரெட், அடுப்பு, கேம்ப்ஃபயர் எதுவும் இங்கே கிடையாது. புகை தெரிந்தால் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காமல் சரிவில் மேலே ஏறாமல் ரோட்டுக்கு வந்து கேட்டில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள், தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கூம்புக் காயைப் பையில் போட்டுக்கொண்டு போய் இன்னொரு மலையில் விதைத்துப் பார்க்கிற ஆசையும் வேண்டாம்.

குரங்குக்குத் தின்பண்டம் காட்டாதீர்கள், கையில் இருக்கும் கவரைப் பிடுங்கும். கழிவறையை ஏரிப் பக்கமோ பேருந்து நிலையப் பக்கமோ முடித்துக்கொண்டு வருவது நல்லது, காட்டை அதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

கொடைக்கானல் ஒத்துவராது, ஊட்டிதான் போகிறோம் என்றால், ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற ரோட்டில் தலைகுந்தாவுக்கு முன்னால் ஒரு பைன் சரிவு இருக்கிறது, அதன் அடியில் காமராஜ் சாகர் அணையின் தண்ணீர் தெரியும். அங்கேயும் இ-பாஸும் பிளாஸ்டிக் தடையும் இதே கதைதான். தேனி, கம்பம் பக்கத்துக்காரர்களுக்குக் குமுளி வழியாக வாகமண் பைன் தோட்டம் கிட்டத்தில் இருக்கிறது, அது கேரளம் என்பதால் இந்த இ-பாஸ் வேண்டியதில்லை.

இறங்கும்போது மாலை ஐந்துக்குள் பெருமாள்மலையைத் தாண்டிவிடப் பாருங்கள். மூட்டம் இறங்கினால் மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு, முதல், இரண்டாம் கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி மலையிலேயே கருகிய வாசனை வரும்.